அஞ்சாம் வகுப்பு போதுமா?

(குண்டசாலையில் நடந்த தோட்டக் கமிட்டிகளின் குடும்ப ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச எனக்குப் பின்னால் தோழர்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்தேன். அதுவும் சம்பளக் கதைதான். கேட்டால் விளங்கும்.

போன வருடக் கடைசியில் ஓர் அக்கா பாடசாலைக்கு வந்தார். மகன் தரம் 5 முடித்திருந்தான். "அஞ்சு முடிச்சிட்டான் தானே டீச்சர். எழுத வாசிக்கத் தெரியுது. அது போதும் தானே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை மேல் பாசம் இல்லாமல் அவர் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் பாடசாலை தரம் 5 வரைதான். தரம் 6க்குத் தமிழ் மொழிமூலப் பாடசாலை தேடி இரண்டு பஸ் ஏற வேண்டும். ஆனால் அந்தப் "போதும்" என்ற சொல் என்னை விடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

நாம் இருக்கும் இந்தக் குண்டசாலை, பல்லேகலை, ராஜவெல்ல பக்கம் எல்லாம் காப்பிக் காலத்திலேயே தோட்டமான பூமி. காப்பிக்குப் பின் இங்கே கொக்கோவும் வந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க அரசாங்கமும் இல்லை, துரைமாரும் இல்லை. 1854இல் மதப் பணிக்காரரும் சில தோட்ட முதலாளிமாரும் சேர்ந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பெயரே "தமிழ் கூலி மிஷன்". அவர்கள் சில தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். மற்ற இடங்களில் கங்காணிமாரோ படித்த ஒருவரோ இரவில் லயத்து இஸ்தோப்பில் விளக்கு வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

1907இல் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் துரை, தொழிலாளரின் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு தகுந்த அறையை ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கவனியுங்கள். பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை, ஓர் அறை என்றுதான் சொன்னது. பல தோட்டங்களில் அது பழைய லயத்துக் காம்பிரா. சில இடங்களில் பிள்ளைக்காம்பிராவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்த வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டம்தான். அதனால் செக்ரோல் எழுதவும் கொழுந்து நிறுக்கவும் துரை கூப்பிட்டால் அவர் போக வேண்டும். அன்றைக்குப் பாடம் இல்லை.

இனி அந்த 10 வயதைப் பாருங்கள். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் பத்து வயது ஆனால் எடுக்கலாம். 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், உயர் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நம் பக்கம் போன்ற இடைநாட்டுத் தோட்டங்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பிள்ளைக்கென்று சட்டத்திலேயே ஒரு சம்பளம் இருந்தது, தோழர்களே! படிப்பு முடிகிற வயதும் பேர் பதிகிற வயதும் ஒன்று. தரம் 5 என்பது படிப்புக்காகப் போட்ட அளவு அல்ல. கூடை தூக்க வலு வரும்வரை பிள்ளையை வைத்திருந்த அளவு. அந்த அக்கா சொன்ன "போதும்" அங்கே எழுதப்பட்டது.

1945இல் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய கல்லூரி வரைக்கும் வழி திறந்தது. நம் பிள்ளை அதே ஓர் அறையில் இருந்தது. 1947 தேர்தலில் நம் மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராக இருந்தவர், எழுத்தாளர், தொழிற்சங்கவாதி. இவர்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டிருப்பார்கள். ஆனால் 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கு இல்லாதவரின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஒழுகினால் யார் கேட்பது? 1960, 1961இல் அரசாங்கம் நாடு முழுவதும் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலையை மட்டும் தோட்டத்திடமே விட்டுவிட்டது.

நான் படிப்பிக்கும் பாடசாலையில் பூச்சி அரித்த ஒரு பழைய சேர்விடாப்பு இருக்கிறது. அதில் "விலகிய காரணம்" என்று ஒரு பத்தி. ஒரு பக்கத்தை விரல் வைத்து வாசித்தேன். "பேர் பதிந்தது." "பேர் பதிந்தது." "தங்கச்சியைப் பார்க்க." "பேர் பதிந்தது." சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய பக்கங்களில் இன்னொரு சொல் வருகிறது: "இந்தியா." ஒரே மாதத்தில் நான்கு பிள்ளைகள். பாதிப் பாடத்தில் எழுந்து போனவர்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்குப் பின், 1970களின் கடைசியில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்போதுதான் கட்டடம் வந்தது, மேசை வாங்கு வந்தது. பிறகு நம் பிள்ளைகளே ஆசிரியர்களாக வந்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். உதவி ஆசிரியர் என்று பெயர், மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. அம்மா கொழுந்து பறித்த காசில் நான் ஊருக்குப் படிப்பித்தேன். அந்தத் தொகையைக் கூட்டவும் நாங்கள் தெருவில் இறங்கித்தான் கேட்டோம்.

சட்டமும் மாறியது. கட்டாயக் கல்வி 1998 முதல் 14 வயது வரை, 2016இல் 16 வயது வரை. 2021இல் வேலைக்கு எடுக்கும் வயதும் 16 ஆனது. 10இலிருந்து 16க்கு வர நமக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பழைய கணக்கு முடிந்துவிட்டது. நம் வீட்டில்தான் இன்னும் முடியவில்லை.

அந்த அக்காவின் மகன் இப்போது தரம் 6இல் இருக்கிறான். கமிட்டித் தலைவி போய்ப் பேசினார். மேல் டிவிஷன் பிள்ளைகள் மூன்று பேரோடு சேர்ந்து காலையில் நடந்து பஸ்ஸுக்குப் போகிறான். ஆனால் அதே வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளை போகவில்லை. அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் கைக்குழந்தை. இடாப்பில் நான் என்ன காரணம் எழுத? "தங்கச்சியைப் பார்க்க" என்றுதான் எழுத வேண்டியிருந்தது. பழைய பக்கத்தில் இருந்த அதே சொல்லை என் கையால் எழுதினேன்.

அதனால் மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் சம்பளம், வீடு, காணியோடு பாடசாலையையும் ஒரு விடயமாக எடுங்கள். தரம் 5 முடிக்கும் பிள்ளைகளின் பெயர் கமிட்டியிடம் இருக்க வேண்டும். ஜனவரியில் அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, பஸ். நேரத்துக்குப் பஸ் இல்லாததால்தான் பாதிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். டிப்போவுக்கு ஒரு தாய் தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். கமிட்டி கடிதத்தோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குச் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் குறைந்த பாடசாலையை மூடலாம், இணைக்கலாம் என்று பேச்சு வரும். இடைநாட்டில் நாம் சிதறி இருக்கிறோம், நம் பாடசாலைகள் சின்னவைதான். மூடுவதற்கு முன் தமிழில் படிக்க அடுத்த இடம் எங்கே, எப்படிப் போவது என்று கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாய்மார் மட்டும் வருகிறார்கள். அப்பாமாரும் வர வேண்டும்.

அந்த ஓர் அறையைக்கூட யாரும் நமக்குச் சும்மா தரவில்லை. வாங்கியதைக் காப்பாற்றுவோம். அடுத்த வருடம் என் இடாப்பில் "விலகிய காரணம்" என்ற இடத்தில் "தரம் 6க்குச் சென்றது" என்று மட்டும் எழுத வையுங்கள்.