மழைக்கு முன் நம் இல்லங்களை ஆயத்தப்படுத்துவோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கைத் தங்கள் முன் வைத்த கையோடு, நம் ஒவ்வொருவர் வீட்டையும் சார்ந்த செய்தி ஒன்றைப் பேச விழைகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே உப்பளத்து உப்பைக் குவித்து, ஓலையாலும் தார்ப்பாயாலும் மூடிவைப்பது நம் மரக்காணத்தின் வழக்கம். தாமதித்தால் பல மாத உழைப்பு கரைந்துபோகும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். உப்புக்குச் செய்யும் அந்த முன்னேற்பாட்டை நாம் வீட்டுக்குச் செய்கிறோமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும், 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயலையும் இக்கரை கண்டது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலோ, கடந்த பின்னும் பல மணி நேரம் நகராமல் நின்று பெய்தது. நமக்கு மேற்கேயுள்ள மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று.

நம் ஊருக்கு வெள்ளம் இருமுறை வருகிறது என்பதே நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. முதலாவது, நம் தலைமேல் பெய்யும் மழை. இரண்டாவது, மேற்கிலிருந்து பின்னர் வந்துசேரும் நீர். திண்டிவனம், வானூர் பகுதிகளின் ஏரிகள் பல நிரம்பி, ஓடைகள் வழியே கழுவெளிக்கு வடிகின்றன. கழுவெளி நீர் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகவே கடலை அடைய வேண்டும். புயலால் கடல்மட்டம் உயர்ந்திருக்கும்போது அந்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, தாழ்ந்த உப்பளங்களிலும் அவற்றையடுத்த குடியிருப்புகளிலும் பரவுகிறது.

இதே மாவட்டத்தின் தென்பகுதியிலும் இதைக் கண்டோம். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் நீரில் மூழ்கின. புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது. ஆகவே மழை விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதெனக் கருதி, பரணில் ஏற்றிய பொருளை இறக்குவதும், பாதுகாப்பிடத்திலிருந்து திரும்புவதும் பிழையாகும். நீர் வடியத் தொடங்கியதைக் கண்ட பின்னரே திரும்புக.

இனி, வீட்டில் செய்ய வேண்டுவன. சென்ற வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். அரிசி, அடுப்பு, மருந்து ஆகியவை அக்குறிக்கு மேலேயே இருக்கட்டும்.

குடிநீரை முன்கூட்டியே நிரப்புங்கள். ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 4 லிட்டர் எனக் கொண்டால், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாட்களுக்கு 60 லிட்டர் வேண்டும். நான்கைந்து குடங்களில் அடங்கிவிடும். கழிநீர் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு நீங்காது. இதனால்தான் முன்கூட்டிச் சேமிப்பது நம் ஊருக்கு மிகவும் அவசியமாகிறது.

குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம், தொழிலாளர் நல வாரிய அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே பையில் வையுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அரசு அறிவித்த 2,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையின் பேரிலேயே வழங்கப்பட்டது. மழை மாதங்களில் கூலி இல்லாத உப்பளக் குடும்பத்திற்கு ஓர் அட்டை நனைந்து அழிவது அடுப்பு அணைவதற்கு ஒப்பாகும்.

வீட்டினுள் நீர் வருமுன்னரே மெயின் சுவிட்சை அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். எரிவாயு உருளையின் வால்வை மூடுங்கள். ஆடுமாடுகளைக் கட்டிவைத்துவிட்டுச் செல்லாதீர்கள். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் பகல் வெளிச்சத்திலேயே புறப்படுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் எண் 108. மூன்றையும் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்.

பொருளைக் காட்டிலும் உயிர் பெரிது. தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் உள்ள வீடுகளைத் தெருவாரியாகக் குறித்து, ஒவ்வொரு வீட்டிற்கும் இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்க வேண்டுகிறோம். அரசின் எச்சரிக்கை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். அது ஊர் மக்கள் அனைவருக்குமான அறிவிப்பு; அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்களையும் அழைத்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

இறைவன் மீது நம்பிக்கை வைப்பது நம் கடமை. கதவைத் தாழிடுவதும் நம் கடமையே. இன்று வீடு திரும்பியதும் அந்த ஒரு பையைக் கட்டி வைப்பதிலிருந்து தொடங்குவோமாக.