ஆபரேஷன் அறையில் ஒரு காகிதம்

(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் நாம் முதலில் விசாரிப்பது என்ன? "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதுதான். கைராசியோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் கெட்டிக்கார டாக்டரின் மேஜையிலும் விபரீதம் நடக்கிறது. வலது காலுக்குப் பதில் இடது காலை அறுத்ததுண்டு. வயிற்றுக்குள் பஞ்சுத் துணியை வைத்துத் தைத்ததுண்டு. உடம்புக்கு ஒவ்வாத மருந்தை ஏற்றியதுண்டு. கை தவறியதால் அல்ல. யாரோ ஒருவர் ஒரு சின்ன விஷயத்தை மறந்ததால்.

1935 அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவில் டேட்டன் நகரருகே போயிங் கம்பெனியின் புதிய குண்டுவீச்சு விமானம் மேலே கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. இருவர் மாண்டனர். யந்திரத்தில் கோளாறு இல்லை. ஓட்டியவர் பழுத்த அனுபவசாலி. வாலிலுள்ள சுக்கான்களை அசையாமல் பூட்டி வைத்திருந்ததை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பின்புதான் கிளம்புமுன் சரிபார்க்கும் பட்டியல் விமானிகளின் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அந்த புத்தி வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! 2008 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரே பக்கத்தில் 19 விஷயங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. தயாரித்த குழுவுக்குத் தலைவர் அதுல் கவாண்டே என்ற அமெரிக்க டாக்டர்.

மூன்று இடத்தில் நிற்கச் சொல்கிறது அந்தக் காகிதம். மயக்க மருந்துக்கு முன்: ஆள் யார், எந்த இடத்தில் ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? தோலைக் கீறுமுன்: அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; சீழ் பிடிக்காமலிருக்கும் மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். நோயாளி வெளியே போகுமுன்: ஊசி, பஞ்சு, ஆயுதம் எல்லாம் எண்ணிக்கை சரிதானா என்று நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும்.

பலன்? புதுடில்லி, மணிலா, லண்டன், டான்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு ஊர்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்து, 2009 ஜனவரியில் கணக்கை வெளியிட்டார்கள். பட்டியலுக்கு முன் 3,733 நோயாளிகள். பின் 3,955 பேர். சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆயிற்று. சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகக் குறைந்தன. புது மிஷினும் இல்லை, புதுக் கட்டிடமும் இல்லை!

ஆனால் தோழர்களே, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்தப் பட்டியலை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கட்டாயமாக்கியது. 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கு 2014-ல் வந்தது. சாவு 0.71, பிறகு 0.65. குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்று ஆராய்ந்தவர்களே எழுதினார்கள். பட்டியலை நிறைவேற்றினோம் என்று மட்டும் ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுத்திருந்தது!

இது ஏன் என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நமக்குப் படுவதைச் சொல்கிறோம். பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்தர் எப்படி இருக்கும் என்று மில்லில் வேலை செய்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தின் உயிர் டிக் அடிப்பதில் இல்லை. "ஐயா, ஒரு துணி குறைகிறது, தைக்காதீர்கள்" என்று ஒரு நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொல்ல முடிகிறதா, சொன்னால் அவர் கை நிற்கிறதா என்பதில் இருக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு தரம் வாய் திறந்தவர் மறுதரமும் திறப்பார். சொன்னதற்காக மறுநாள் வசவும் இடமாற்றமும் கிடைக்கும் இடத்தில் எந்தப் பட்டியலும் வேலை செய்யாது. ஒரே நர்ஸை இரண்டு அறைக்கு ஓடவிட்டால் அவள் எதை எண்ணுவாள்?

இன்னொன்று. முதல் நிறுத்தத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளியே. ஆகவே உங்கள் மனைவியிடமோ தகப்பனாரிடமோ "பேரென்ன, எந்தப் பக்கம்?" என்று மூன்றாந்தரம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று கோபிக்காதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். யாருமே கேட்கவில்லையென்றால், உள்ளே கொண்டு போகுமுன் நீங்களே கேளுங்கள்.