சதுரங்கத்தில் தோல்வியும் தேர்ச்சியும்



விளையாட்டுக்கள் பலவற்றில் தோற்றவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. துடுப்பாட்டத்தில் தோற்றவன் ஆடுகளத்தின் ஈரத்தைக் குறை கூறலாம். நடுவரின் கண்ணை நொந்துகொள்ளலாம். சீட்டாட்டத்தில் தோற்றவனுக்குக் கையில் விழுந்த சீட்டே சாட்டு. சதுரங்கத்திலோ இவை ஒன்றேனும் இல்லை. இரு பக்கத்திலும் 16 காய்கள். பலகையில் 64 கட்டங்கள். மறைத்து வைக்கப்பட்டது எதுவுமில்லை. வெள்ளைக் காய் கொண்டவர் முதலில் நகர்த்துவதாற் சிறிது வசதி பெறுகின்றார். அதுவும் அடுத்த ஆட்டத்தில் மாறிவிடும். ஆகவே இங்கே தோற்றவன் தன் சிந்தனையினாலேயே தோற்கின்றான். அதனாலேதான் இத்தோல்வி மற்றைத் தோல்விகளைக் காட்டிலும் ஆழமாகச் சுடுகின்றது.

சதுரங்கப் போட்டிகளில் ஆடுவோர் தம் நகர்த்தல்களையும் எதிரியின் நகர்த்தல்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்வது விதி. தோற்ற இளைஞர் அத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையினுள் திணித்துக்கொண்டு வெளியேறுவார். அந்தத் தாள் மறுபடியும் விரிக்கப்படுமா, இல்லையா என்பதிலேயே அவருடைய வளர்ச்சி பெரிதும் தங்கியிருக்கின்றது. தம்மினும் வல்லவரிடம் தோற்ற ஆட்டங்களை ஆராய்ந்து தேர்ச்சி பெறுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வல்லவரிடம் தோற்ற ஆட்டம் என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மினும் மெலியவருடன் ஆடும்போது நாம் விடும் பிழைகளுட் பல தண்டனையின்றித் தப்பிவிடுகின்றன. நம் அரசனைக் காவாது விட்டு எதிரியின் அரசனைத் தாக்குகின்றோம், எதிரி அக்குறையைக் காணவில்லை, நாம் வெல்கின்றோம். வென்ற காரணத்தால் அந்த முறையே சரியென்று மனத்திற் பதிந்துவிடுகின்றது. இவ்வாறு எளிய வெற்றிகள் பொய்யான பாடங்களைக் கற்பிக்கின்றன. வல்லவரோ நம் ஆட்டத்தில் எங்கே ஓட்டை உண்டோ அங்கேயே கைவைப்பவர். நாம் நம்மிடத்திலே காணமுடியாத குறையை அவர் பலகையின் மேல் வெளிப்படையாக எழுதிக் காட்டுகின்றார். அந்த எழுத்தைப் படித்தறிவது நம்முடைய கடமை.

இவ்வாறு படித்தறிந்தவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் சோவியத் நாட்டைச் சேர்ந்த மிகைல் பொட்வினிக். 1911ஆம் ஆண்டிற் பிறந்த இவர் மின்பொறியியல் அறிஞர். 1948இலே உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 1957இல் அப்பட்டத்தை ஸ்மிஸ்லோவ் என்பாரிடம் இழந்தார். அடுத்த ஆண்டே அவருடன் மறுபடி மோதி மீட்டுக்கொண்டார். பின்னர் 1960ஆம் ஆண்டிலே மொஸ்கோ நகரில் அவரை எதிர்த்து வந்தவர் லத்வியாவின் ரீகா நகரத்து இளைஞராகிய மிகைல் தால். தாலுக்கு அப்பொழுது வயது 23, பொட்வினிக்கிற்கு 48.

தாலின் ஆட்டமோ புயல் போன்றது. காய்களைத் தயங்காது பலிகொடுத்து, எதிரியின் அரசனைச் சூழ்ந்து, பலகை முழுவதையும் சிக்கலாக்கிவிடுவார். அப்போட்டியின் 6ஆம் ஆட்டத்திலே, கறுப்புக் காய்களுடன் ஆடிய தால் ஒரு குதிரையைப் பலிகொடுத்தார். பார்வையாளரிடை எழுந்த ஆரவாரம் அடங்காமையால் ஆட்டத்தை உள்ளறை ஒன்றுக்கு மாற்ற நேர்ந்தது. பொட்வினிக் சிக்கலில் வழி தவறித் தோற்றார். அடுத்த ஆட்டத்திலும் தோல்வி. 17ஆம் ஆட்டத்தில், கையிலிருந்த நேரம் குறுகிய வேளையிற் பிழைவிட்டு மீண்டும் தோல்வி. ஆடப்பட்ட 21 ஆட்டங்களுள் தால் 6இலும் பொட்வினிக் 2இலும் வென்றனர். 13 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. பன்னிரண்டரைக்கு எட்டரை என்ற கணக்கிற் பட்டம் கைமாறியது.

ஐம்பதை அணுகும் ஒருவர், தம் வயதிற் பாதியும் நிரம்பாத இளைஞரிடம் இவ்வாறு தோற்றபின் என் செய்வார்? ஓராண்டினுள் மீள்போட்டி கேட்கும் உரிமை அக்கால விதிப்படி அவருக்கு இருந்தது. அவ்வுரிமையை அவர் கைவிடவில்லை. ஆனால் மீண்டும் அதே முறையில் ஆடினால் மீண்டும் அதே முடிவுதானே வரும்? ஆகவே மாறவேண்டியது எது என்று கண்டறிய வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 6ஆம் ஆட்டத்தில் தால் கொடுத்த குதிரைப் பலி முற்றும் சரியானதன்று என்பதைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். சரியான விடையை நகர்த்தியிருந்தால் வெள்ளையே மேம்பட்டிருக்கும். சாதாரண ஆட்டக்காரர் இதைக் கேட்டதும் மனநிறைவு கொள்வார். ‘உண்மையில் நானே வென்றிருக்க வேண்டும், எதிரிக்கு வாய்த்தது அதிட்டம்’ என்று தாளை மூடிவைப்பார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை இதுவே. ஆராய்ச்சி அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகின்றது. வீட்டிலே காணக்கூடிய விடையை மண்டபத்திலே காணமுடியாமற் போனது ஏன்? மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்க, பல கிளைகளாகப் பிரியும் சிக்கலை ஒருவர் கணித்து முடிக்க வேண்டும். அவ்வகைக் கணிப்பில் 23 வயதினருக்கே வாய்ப்பு மிகுதி. அப்படியாயின், அத்தகைய நிலைகள் தோன்றவிடாமற் செய்வதே அறிவு.

1961ஆம் ஆண்டு மீள்போட்டியின் ஆட்டங்களை நோக்குவோர்க்கு இவ்வறிவின் பயன் புலப்படும். பொட்வினிக் பல ஆட்டங்களில் அரசிகளை விரைவில் மாற்றிக்கொண்டார். தாக்குதலுக்கு இடங்கொடாத அமைதியான நிலைகளையும், காய்கள் குறைந்த இறுதிக்கட்டங்களையும் நாடினார். அங்கே தாலின் கற்பனைக்கு வேலை குறைவு. பொறுமைக்கும் நுண்ணறிவுக்கும் வேலை அதிகம். 10 வெற்றி, 5 தோல்வி, 6 சமநிலை. பதின்மூன்றுக்கு எட்டு என்ற கணக்கிலே, 49ஆம் வயதில், பட்டம் அவரிடமே மீண்டது.

தால் அக்காலத்திற் சிறுநீரக நோயால் வருந்தினார் என்பதையும் மறைத்தலாகாது. வெற்றிக்குக் காரணம் முழுவதும் ஆராய்ச்சியே என்று நாம் சாதிக்கவில்லை. ஆராய்ச்சி என்றும் தோல்வியை விலக்கும் மந்திரமும் அன்று. 1963இலே பெத்ரோசியனிடம் பொட்வினிக் பட்டத்தை இழந்தார். மீள்போட்டி விதி அப்பொழுது நீக்கப்பட்டிருந்தது. எனினும், இருமுறை இழந்து இருமுறையும் மீட்ட ஒருவரின் வழி நம் கவனத்துக்கு உரியதன்றோ?

அவ்வழியைச் சாதாரணப் போட்டியாளர் எவ்வாறு கைக்கொள்ளலாம்? பாடசாலைப் போட்டியில் ஆடும் மாணவருக்கும் பொருந்தும் முறையாகச் சொல்கின்றேன்.

முதலாவது, ஆட்டம் முடிந்ததும் எதிரியுடன் பேசுதல். தோற்றவரும் வென்றவரும் ஒன்றாய் அமர்ந்து ஆட்டத்தை மீட்டுப் பார்ப்பது சதுரங்க உலகின் நல்ல வழக்கம். வல்லவர் எதற்கு அஞ்சினார், எதனைப் பொருட்படுத்தவேயில்லை என்பதை அவர் வாயினாலேயே கேட்கலாம். நாம் அரைமணி நேரம் அஞ்சி நடுங்கிய நகர்த்தலை அவர் ஒரு கணமும் எண்ணியிருக்கமாட்டார். இதைவிட நல்ல பாடத்தை எந்த நூலும் தராது.

இரண்டாவது, அன்றிரவோ மறுநாளோ, நினைவு மங்குமுன், ஒவ்வொரு முக்கியமான நகர்த்தலின் போதும் நாம் எண்ணியதை எழுதிவைத்தல். இன்ன நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பதையும் குறித்தல் வேண்டும். எண்ணாததை எண்ணியதாக எழுதுவது பயனற்றது. தாளுக்குப் பொய்சொல்லிப் பெறுவதென்ன?

மூன்றாவது, முதற் பிழையைத் தேடுதல். தோற்றவர் பெரும்பாலும் கடைசிப் பிழையையே குற்றஞ்சாட்டுவார். ‘35ஆம் நகர்த்தலில் குதிரையை இழந்தேன், அதனால் தோற்றேன்’ என்பார். அக்குதிரை தப்பும் வழியற்ற இடத்துக்குச் சென்றது ஏன் என்று பின்னோக்கிச் சென்றால், 20ஆம் நகர்த்தலிலே தேவையற்றுத் தள்ளிய ஒரு காலாள் அகப்படும். காலாள் பின்னே திரும்பாத காய். அது விட்டுச்சென்ற கட்டம் என்றும் காவலற்றுக் கிடக்கும். நோயின் வேர் அங்கே. குதிரை இறந்தது நோயின் முடிவு.

நான்காவது, பிழையின் இனத்தைப் பிரித்தறிதல். அறியாமையால் வந்த பிழை ஒன்று. அறிந்தும் காணாமையால் வந்தது வேறொன்று. கண்டும் தவறாக மதித்தது ஒன்று. நேரம் போதாமையால் விளைந்தது மற்றொன்று. வல்லவருடன் ஆடும்போது மட்டும் தோன்றும் இன்னோர் இனமும் உண்டு. அது பெயருக்கு அஞ்சுதல். எதிரே அமர்ந்தவரின் புகழை நினைத்துச் சமநிலையாவது கிடைக்கட்டும் என்று காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்வார் பலர். ஒவ்வொரு மாற்றத்திலும் வல்லவர் தம் சோம்பற் காயைக் கொடுத்து நம் சுறுசுறுப்பான காயைப் பெறுவார். இறுதியில் எஞ்சுவது நமக்குத் தீமையான நிலையே. பொட்வினிக்கும் காய்களை மாற்றினாரே என்று கேட்கலாம். அவர் மாற்றியது அச்சத்தாலன்று. எந்த நிலை தமக்கு ஏற்றதென்று ஆராய்ந்தறிந்தே மாற்றினார்.

இவ்வாறு பத்து அல்லது பதினைந்து தோல்விகளைப் பகுத்து அட்டவணையாக எழுதினால், ஓரினப் பிழை மற்றவற்றை விஞ்சி நிற்பது தெரியும். அதற்கே மருந்து தேடவேண்டும். நேரத்தட்டுப்பாடே பிழையாயின், பொட்வினிக் கூறிய மருந்து உண்டு. பயிற்சி ஆட்டங்களை ஆடி, வெற்றி தோல்வியைப் பொருட்படுத்தாது மணிக்கூட்டின்மீதே கவனம் செலுத்தி, நேரத்தைப் பங்கிடும் பழக்கம் வரும்வரை அவ்வாறே பயிலவேண்டும் என்றார் அவர். புகையும் இரைச்சலும் தம் கவனத்தைக் கலைக்காதிருக்க, எதிரே புகைப்பவரை அமர்த்தி, வானொலியையும் ஒலிக்கவிட்டுப் பயிற்சி ஆட்டம் ஆடியவர் அவர். வானொலிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பது நேயர்கள் மகிழத்தக்க செய்தியே.

ஐந்தாவது, நம் ஆராய்ச்சியைப் பிறர் பார்வைக்கு வைத்தல். தம் ஆய்வுகளை அச்சிட்டு வெளியிடவேண்டும், அப்பொழுதே பிறர் குறைகண்டு திருத்துவர் என்பது பொட்வினிக்கின் கொள்கை. நாம் அச்சிட வேண்டியதில்லை. கழகத்திலுள்ள நண்பர் ஒருவரிடம் காட்டினாற் போதும்.

இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே உலக வல்லவரை வெல்லத்தக்க சதுரங்கக் கணினி நிரல் உண்டு. 1997இலே டீப் புளூ என்னும் கணினி கஸ்பரோவை வென்றதிலிருந்து இத்துறை வெகுதூரம் வளர்ந்துவிட்டது. அதனைப் பயன்படுத்துதல் தவறன்று; முதலிற் பயன்படுத்துதலே தவறு. கணினி சரியான நகர்த்தலைச் சொல்லும். நாம் அதை ஏன் காணவில்லை என்று சொல்லமாட்டாது. விடைப்புத்தகத்தை முதலில் திறந்த மாணவன் கணக்குக் கற்பதில்லை. நம் எழுத்து முடிந்தபின் அதனைத் திறந்து ஒப்பிடுவோமாக.

இம்முறையின் முதற்பயன் உடனடி வெற்றியாக இராது என்பதையும் சொல்லவேண்டும். பொட்வினிக்கின் பள்ளியிற் பயின்ற கஸ்பரோவ், 1984 செப்டெம்பரில் உலக வல்லவராயிருந்த கார்ப்போவை எதிர்த்தார். 6 வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்பது விதி. 9 ஆட்டங்களிலேயே கஸ்பரோவ் 4 தோல்வி கண்டார். அதன்பின் அவர் பாய்ச்சலை விடுத்துக் காப்பைக் கற்றார்; தொடர்ந்து 17 ஆட்டங்கள் சமநிலையாயின. 27ஆம் ஆட்டத்தில் ஐந்தாம் தோல்வி. இன்னும் ஒன்று தோற்றால் முடிவு. அந்த ஒன்று வரவேயில்லை. 32ஆம் ஆட்டத்தில் முதல் வெற்றி. 47இலும் 48இலும் மேலும் இரண்டு. 1985 பெப்ரவரியிலே முடிவின்றிப் போட்டி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவெம்பரில், புதிய போட்டியிற் பதின்மூன்றுக்குப் பதினொன்று என வென்று, 22ஆம் வயதில் அவர் உலக வல்லவரானார். தோற்பதை நிறுத்துதல் முதற்படி. வெல்லுதல் அடுத்த படி. வல்லவர் நம்மை 30 நகர்த்தலில் வென்றது போய், 60 நகர்த்தல் வரை வியர்க்கவேண்டி வந்தால், நம் ஆராய்ச்சி பலித்தது என்றே கொள்ளலாம்.

ஆகவே, வரும் போட்டியிலே உங்களினும் வல்லவர் எதிரே அமர நேர்ந்தால், அதனைத் தீயூழ் என்று நொந்துகொள்ளாதீர்கள். துணிந்து ஆடுங்கள், தோற்றால் கைகுலுக்கி, இரண்டு கேள்விகள் கேளுங்கள். பின்னர் வீடு சென்று, ஆட்டத்தாளை விரித்துப் பலகையிற் காய்களை அடுக்கி, முதல் நகர்த்தலிலிருந்து தொடங்குங்கள். எதிரி அங்கே இல்லை, மணிக்கூடும் இல்லை. உங்கள் சிந்தனையும் நீங்களுமே எதிரெதிர் அமர்ந்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் உண்மையை மறைக்காதவரே, நாளைய போட்டியில் வல்லவருக்கு வல்லவராவார்.