வாக்கின் எடை

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது தராசு முள் சற்றே சாய்ந்தாலும் நாம் கேட்டுவிடுகிறோம். நமது வாக்கின் எடையைப் பற்றிக் கேட்டதுண்டா?

2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள பாங்கித் தொகுதியில் 303,430 வாக்காளர்கள் இருந்தனர். சரவாக்கின் இகான் தொகுதியில் 28,290 பேர். இரண்டிற்கும் நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் இடமே. ஆக, பாங்கியில் பத்துப் பேர் சேர்ந்தாலும் இகானில் ஒருவருக்கு ஈடாகவில்லை.

ஆற்றோரக் கிராமங்களில் மக்கள் சிதறி வாழ்கிறார்கள். அங்கே தொகுதி சிறிதாக இருப்பது நியாயந்தானே என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் சலுகைக்கும் ஓர் அளவு வேண்டாமா? 1957இல் நமது அரசியல் சட்டம் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டு ஏற்றத்தாழ்வையே அனுமதித்தது. 1962இல், நகரத் தொகுதியின் வாக்காளரில் பாதிப்பேர் இருந்தாலே கிராமத் தொகுதிக்குப் போதும் என்றாயிற்று. 1973இல் அந்த வரம்பும் நீங்கியது.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தொகுதி எல்லைகளைத் திருத்தும் பரிந்துரை வெளியாகும்போது, அத்தொகுதியின் வாக்காளர் நூறு பேர் ஒன்றுசேர்ந்து ஆட்சேபம் தெரிவித்தால், தேர்தல் ஆணையம் விசாரணை நடத்தியாக வேண்டும். வாக்களிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தராசையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.