பாலம், கோட்டை, களரி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், ஒரே வகுப்பில் படித்த நால்வர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நமது சங்கத்துக்கு வயது நூறு. கல்லடிப் பாலத்துக்கும் அதே வயதுதான். 1924இல் திறந்தபோது தேசாதிபதி மனிங்கின் மனைவி பெயரால் 'லேடி மனிங் பாலம்' என்றார்கள். ஊர் வாயில் அது கல்லடிப் பாலமாகவே நின்றுவிட்டது. 2013இல் பக்கத்தில் அகலமான புதுப்பாலம் வந்தது. இப்போது விடுமுறையில் வருகிறவர்கள் பழைய பாலத்தில் நின்று படம் எடுக்கிறீர்கள், பாடுமீனுக்குக் காது கொடுக்கிறீர்கள். (அதைக் கேட்கப் பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பாலத்தில் ஐஸ்கிரீமோடு நின்றால் கேட்காது.)

அடுத்தது புளியந்தீவுக் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். நான்கு மூலையிலும் கொத்தளம், கனத்த மதில். வெளியே நிற்பவனை வெளியிலேயே நிறுத்துவதற்கென்று கட்டியது. எங்களில் பலர் அதற்குள் முதன்முதல் போனது சரித்திரம் பார்க்க அல்ல, கச்சேரியில் ஒரு கடதாசிக்குக் கையெழுத்து வாங்க.

இத்தோடு மட்டக்களப்பின் கட்டடக்கலை முடிந்தது என்று பலர் பயணப்பையைக் கட்டிவிடுகிறீர்கள். இரண்டையும் வகுத்தவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள். நம்மவர்கள் தாங்களே வகுத்த அரங்கு ஒன்று உண்டு. அது ஓர் இரவுக்கு மட்டும் நிற்கும். கூத்துக் களரியைத்தான் சொல்கிறோம்.

மண்ணைச் சற்று உயர்த்தி வட்டமாக அமைப்பார்கள். சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டுவார்கள். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார். அவரைச் சுற்றி ஆட்டம். ஆட்டத்தைச் சுற்றிப் பாய் விரித்த சனம். களரிக்கு முன்பக்கம் என்றும் பின்பக்கம் என்றும் கிடையாது. வடமோடி அரசன் நாலாபக்கத்துக்கும் முகம் காட்டி ஆடியாக வேண்டும். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேதமும் அவ்வளவாக இல்லை. பெரும்போக வெள்ளாண்மை வெட்டியபின் பழக்கம் தொடங்கினால், சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து அரங்கேற மாதக்கணக்கு ஆகும். விடிந்ததும் கம்புகளைப் பிடுங்கிவிடுவார்கள்.

அந்த வட்டத்துக்குள் பெண்கள் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த நம் அம்மம்மாமார் பாயிலேயே இருந்தார்கள். இன்று கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவியர் ஆடுகிறார்கள். அதைப் பார்க்க அந்த அம்மம்மாமார் இல்லை.

1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான். நன்றி மறக்கக் கூடாது. ஆனால் மேடைக்கு மூன்று பக்கம் சுவர். ஆடுபவர் ஒரு திசையையே பார்க்கப் பழகிவிட்டார். பின்னாளில் சீலாமுனையில் 'மூன்றாவது கண்' குழுவினர் ஊரவரோடு சேர்ந்து மறுபடி வட்டக்களரிக்கே போனதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு என்ன கட்டலாம் என்று செயற்குழு கேட்டிருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் எல்லாம் மேடையோடு கூடிய மண்டபம் என்றே எழுதியிருக்கின்றன. மண்டபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பரிசளிப்பு விழாவை எங்கே வைப்பது? கேட்பது ஒன்றுதான். வரைபடம் கீறுபவரிடம் வேப்பமர முற்றத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே கொங்கிறீட் போட வேண்டாம். நாற்பதடி அகல மண் வட்டம், சுற்றி உட்கார இடம், இரவுக்கு வெளிச்சம், வருடத்துக்கு ஓர் அண்ணாவியாருக்கு முறையான சம்பளம். மண்டபச் செலவோடு பார்த்தால் இது சிறுதொகை.

வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வரும்போது, வெளிநாட்டுக் கிளைகளும் தங்கள் எண்ணத்தை எழுதி அனுப்புங்கள்.