நாற்காலிக்கு வழக்கு இருக்கிறது, வகுப்பறைக்கு?



ஆடி பதினெட்டு வந்தால் கொல்லிமலையின் இந்தச் செம்மேட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு மாலை போடுகிறார்கள். அவன் வில்லைப் பற்றியும் கொடையைப் பற்றியும் தொண்டை வற்றப் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய்விடுகிறார்கள். பிளஸ் டூ முடித்த இந்த மலைப் பிள்ளையும் பெட்டி படுக்கையோடு அதே எழுபது வளைவுகளைத்தான் இறங்குகிறது. கீழே கல்லூரியில் அந்தப் பிள்ளைக்கு என்ன காத்திருக்கிறது என்று ஓரி விழா மேடைகளில் யாரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை. இன்றைக்கு இந்த மேடையில் அதைப் பேசிவிடுவோம்.

தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னே நிற்கிறது என்கிறார்கள். உண்மைதான். கல்லூரி வயதுள்ள நூறு பேரில் எத்தனை பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள் என்பதற்கு ஒன்றிய அரசு எடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. 2021-22 கணக்கில் இந்தியா 28.4. தமிழ்நாடு 47. பெருமைப்பட வேண்டிய எண்தான். அதே கணக்கில் நாடு முழுவதுமுள்ள பழங்குடி மக்களின் எண் 21.2. சரி, கொல்லிமலையின் எண் என்ன? கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை, சித்தேரி இவற்றின் எண் என்ன? அந்த அறிக்கை மாநில வாரியாக வருகிறது, மலை வாரியாக வருவதில்லை. நாற்பத்தேழுக்குள் மலை எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

சரி, பல்கலைக்கழகங்களைப் பற்றி நாளேடுகளில் தினம் என்ன வருகிறது? துணைவேந்தர் யார், அவரை நியமிப்பது யார் என்பதுதான் வருகிறது. துணைவேந்தரை மாநில அரசே நியமிக்க 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் அது தூங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8-இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இப்படித் தேங்கிக் கிடந்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது, ஒப்புதலாகக் கருதவும் முடியாது என்று கருத்துச் சொன்னது. இந்த இழுபறிக்கு நடுவே 1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் காலியாகவே கிடந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அதற்கும் முன்பே, 2022-லேயே காலி.

இந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம்? மழுப்ப வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தைக் கட்டியது மாநிலம், சம்பளம் தருவது மாநிலம், மக்களிடம் பதில் சொல்ல வேண்டியதும் மாநிலம். நியமிக்கும் உரிமையும் மாநிலத்துக்கே வேண்டும். 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவு விதியைக் கொண்டுவந்து தேடுதல் குழுவிலிருந்தே மாநிலத்தை வெளியே தள்ளப் பார்த்தது. சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சரியான தீர்மானம்.

ஆனால் மாநிலத்தின் கையும் அப்படியொன்றும் சுத்தமில்லை. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் கேட்டு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. ஒரு லட்சம் ரொக்கம், மிச்சம் காசோலை! லஞ்சத்துக்குக் காசோலை வாங்கும் அளவுக்குத் துணிச்சல் வந்திருந்த காலம் அது. அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் பதவிகள் கோடிகளுக்கு விற்கப்பட்டன என்று மேடையிலேயே சொன்னார். ஆகவே அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி பாதிதான். அந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்பது மறுபாதி.

அந்த மறுபாதியைப் பார்க்க நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ ராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரிக்கோ போனால் போதும். இந்த மலைப் பிள்ளைகள் போய்ச் சேரும் இடங்கள் அவை. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். பேரில் கௌரவம் இருக்கிறது. சம்பளம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் 2023-இல்தான் இருபதாயிரத்திலிருந்து ஏறியது. ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளம், மே மாதம் பட்டினி. இவர்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, நெட் தேறியவர்கள் உண்டு, பதினைந்து ஆண்டு பாடம் நடத்தித் தலை நரைத்தவர்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஒன்றிய அரசு சொல்வதில் வேண்டாததை எதிர்த்துத் தீர்மானம் போடத் தெரிந்த கோட்டைக்கு, வேண்டிய இந்த ஒரு வரி மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

நிரந்தர நியமனத்தின் கதை இன்னும் கொடுமை. 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். அது நியமனமாக முடியவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. மறுபடி விண்ணப்பித்தார்கள். தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிதாக இன்னொரு அறிவிப்பு. ஆட்சிகள் மாறின, எண்கள் மாறின, விண்ணப்பித்தவர்களின் வயதும் ஏறியது. துணைவேந்தர் நாற்காலி ஓராண்டு காலியானால் டெல்லி வரை வழக்குப் போகிறது. வகுப்பறையில் நிரந்தர ஆசிரியரின் நாற்காலி ஆறாண்டு காலியாகக் கிடந்தது. அதற்கு எந்த ஆளுநர் குறுக்கே நின்றார்?

தனியார் கல்லூரிக்குப் போனால் ஆசிரியர் இருப்பார் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பையும் 2024 ஜூலை உடைத்தது. ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டியலையே எடுத்து வைத்துக் காட்டியது: 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஊழியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள், சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒரே ஆள் ஒரே இரவில் மூன்று ஊர் தெருக்கூத்தில் வேடம் கட்ட முடியாது என்பது கூத்துப் பார்க்கும் குழந்தைக்குத் தெரியும். ஆய்வுக்குப் போய் அங்கீகாரம் கொடுத்த குழுக்களுக்குத் தெரியவில்லை. வயலை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய தகப்பனுக்கு எந்தக் கல்லூரி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்?

கல்வி வியாபாரத்தைப் பற்றி நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன மாவட்டம் மதிப்பெண்ணுக்கும் பேர்போனது. பிராய்லர் பள்ளி என்ற பெயரே இங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு நீட் பயிற்சி நிறுவனத்தில் வருமான வரித் துறை சோதனை போட்டபோது 30 கோடி ரூபாய் ரொக்கமாகச் சிக்கியது என்று செய்தி வந்தது. பிள்ளைகளின் பயத்தைக் காசாக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அது ஒரு அளவு.

கல்வி வியாபாரத்தின் வழியை இன்னும் அகலமாக்கத்தான் 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க நூறு ஏக்கர் நிலம் வேண்டும் என்ற நிபந்தனையை மாநகராட்சியில் 25 ஏக்கர் வரை குறைத்து, அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி வைத்தது. அரசுப் பணத்தில் வளர்ந்த கல்லூரி, இட ஒதுக்கீட்டோடு குறைந்த கட்டணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த கல்லூரி, ஒரு நாள் காலையில் தனியார் சொத்தாகிவிடலாம் என்றால் என்ன அர்த்தம்? ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாட்களில் அரசு மறுபரிசீலனை என்று பின்வாங்கியது. போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் மறுபரிசீலனைக்குப் போன கோப்பு இன்னொரு பெயரில் திரும்பி வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இனி, மலைக்கே உரிய ஒரு விஷயம்: சாதிச் சான்றிதழ்.

பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. போலிச் சான்றிதழைத் தடுக்க விசாரணை வேண்டும்தான். ஆனால் உண்மையான பழங்குடிப் பிள்ளை தான் பழங்குடி என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எந்த ஊர் நியாயம்? கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்காவது பட்டியலில் இடம் இருக்கிறது. பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்களின் பெயர்கள் நிற்கின்றன. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் தப்பித்தது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே மக்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் வாழ்ந்த மண் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதுதான் குற்றம். ஒரே உறவுமுறை, ஒரே குலம், ஆனால் இங்கே பெண் பழங்குடி, அங்கே கட்டிக்கொடுத்தால் பேரப்பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கவே மல்லுக்கட்ட வேண்டும்!

சான்றிதழ் வாங்கி உள்ளே போன பிறகாவது மரியாதை கிடைக்கிறதா? சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில்தான் நம் பிள்ளைகளின் பட்டம் அச்சாகிறது. 2022 ஜூலையில் அங்கே முதுகலை வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில்! வினாத்தாள் வெளிக் கல்லூரி ஆசிரியர்கள் தயாரித்தது என்று விளக்கம் வந்தது. யார் தயாரித்தால் என்ன, அதை எழுத உட்கார்ந்த பிள்ளையின் முகத்தை யார் பார்த்தார்கள்? உயர்கல்வி நிறுவனங்களில் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று குழு போட்டு ஆராய்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து மட்டும் ஐந்து ஆண்டுகளில் 13,600-க்கும் மேற்பட்ட பட்டியலினத்து, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் வெளியேறியதாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. குழுக்கள் அந்த வினாத்தாளிலிருந்து தொடங்கட்டும்.

மலைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று கீழே ஒரு பேச்சு இருக்கிறது. அதை அடித்து நொறுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஜவ்வாது மலை புலியூரின் ஸ்ரீபதி, பிரசவம் முடிந்த சில நாட்களில் கைக்குழந்தையோடு சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். அவரும் நம் மலையாளிப் பெண்தான். பக்கத்துப் பச்சைமலையின் பழங்குடிப் பள்ளி மாணவி 2024-இல் திருச்சி என்.ஐ.டி.க்குள் நுழைந்தார். கல்வராயன் மலைக் கருமந்துறையின் அரசுப் பள்ளி மாணவி 2025-இல் ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். இந்தக் கொல்லிமலையிலேயே 1914-இல் ஒரு பிள்ளை பிறந்தது. மிஷனரிப் பெற்றோரின் மகன், பால் பிராண்ட். இந்த மண்ணில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பையன் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். மலை அவரைக் கெடுக்கவில்லை. ஒன்பது வயதில் அவரைப் படிக்க லண்டனுக்கு அனுப்ப முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் எரிச்சலூட்டும் இன்னொன்றும் உண்டு. கொல்லிமலையின் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைப் பற்றி ஆய்வு, மூலிகைகளைப் பற்றி ஆய்வு, மலையாளி மக்களின் சடங்குகளைப் பற்றி ஆய்வு. எழுதியவர்கள் டாக்டர் பட்டம் வாங்கிப் பேராசிரியர் ஆனார்கள். சொல்லிக்கொடுத்த கிழவி அறுவடைக் களத்திலேயே இருக்கிறாள், அவள் பேத்தி விடுதி இடத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சிக்கு மலை வேண்டும், ஆராய்ச்சியாளராக மலைப் பிள்ளை வேண்டாமா?

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்திருக்கிறது. இவை பல குடும்பங்களில் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்திருக்கின்றன. 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் தண்ணீர், கழிப்பறை, காப்பாளர், படிக்க விளக்கு எல்லாம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நம் வேலை.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இந்த மலை சேந்தமங்கலம் தொகுதியில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவர் எழுபது வளைவும் ஏறித்தான் வர வேண்டும். வரட்டும், மோர் கொடுங்கள், உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள்: நாமக்கல், ராசிபுரம் கல்லூரிகளில் எத்தனை நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலி, எந்தத் தேதிக்குள் நிரப்புவீர்கள்? பிளஸ் டூ முடிக்கும் முன்பே பள்ளியிலேயே எங்கள் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் தருவீர்களா? உதவித்தொகை கல்லூரி திறக்கும் மாதத்தில் வருமா, மூடும் மாதத்தில் வருமா? பதிலை எழுத வைத்து, கையெழுத்தோடு வாங்குங்கள்.