வெயிலுக்கு ஒரு குவளை எலுமிச்சைப் பழச்சாறு

(ஜெஞ்சாரோம் வட்டார மூத்தோருக்கான சுகாதாரப் பேச்சு)



நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் மழை குறைந்த மாதங்களில் வெயில் எப்படிக் கொளுத்தும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. ஒரு வட்டாரத்தில் 35 முதல் 37 பாகை வரையிலான வெப்பம் தொடர்ந்து 3 நாள்கள் நீடித்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அந்த அறிவிப்பு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வெயில் ஏறும்போதே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

வயது ஏற ஏறத் தாகம் எடுப்பது குறைந்துவிடும். உடம்பில் நீர் வற்றிய பிறகுதான் நாக்கு உலர்வதே தெரியும். "அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது" என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களும் நம்மில் உண்டு. அது ஆபத்து. நீர் குறைந்தால் தலை சுற்றும், விழ நேரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். காலை முதல் மாலை வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். படுக்கப் போவதற்கு 2 மணி நேரம் முன்பு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நாள் ஒன்றுக்கு 6 முதல் 8 குவளை போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும் என்று பொருள்.

வெறும் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? பலர் டின் பானத்தையோ, ஒட்டுக்கடையில் சீனி தூக்கலாகப் போட்ட ஐஸ் லிமாவ் தேநீரையோ வாங்கிக் குடிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். 320 மில்லி லிட்டர் டின் ஒன்றைக் கையில் எடுங்கள். 100 மில்லியில் 10 கிராம் சீனி என்று அதில் எழுதியிருந்தால், முழு டின்னில் 32 கிராம். அதாவது 6 தேக்கரண்டிக்கும் மேல். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே டின்னில் அந்த 25 கிராம் கடந்துவிடுகிறது.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி விதிக்கிறது. லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கிய அந்த வரி, 2025 ஜனவரி 1 முதல் 90 காசாக உயர்ந்துள்ளது.

வீட்டிலேயே செய்தால் எவ்வளவு சீனி போகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். இதோ ஐந்து குவளைக்கான அளவு.

தேவையானவை: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், விதை நீக்கிய தர்பூசணித் துண்டுகள் 300 கிராம் (ஏறக்குறைய 2 கோப்பை), லிமாவ் காஸ்தூரி 6 அல்லது எலுமிச்சை 2, புதினா ஒரு கைப்பிடி, தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு.

முதலில் கையையும் பழங்களையும் நன்றாகக் கழுவுங்கள். தோலோடு வெட்டும்போது, மேலே இருக்கும் அழுக்கு கத்தி வழியாகப் பழத்துக்குள் போகும். எனவே தர்பூசணியையும் வெட்டும் முன்பே கழுவ வேண்டும். துண்டுகளில் பாதியை மத்தால் மசித்து, மீதியை அப்படியே விடுங்கள். கண்ணாடி அல்லது சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இஞ்சியும் புதினாவும் பழமும் போட்டு அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, விதையை எடுத்துவிடுங்கள். தோலைச் சேர்த்து அரைத்தால் கசக்கும். புளிப்பு ஏறும் என்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

சீனி சேர்க்காமலே இதில் இனிப்பு இருக்கும். ஒரு குவளைக்குச் சுமார் 4 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வடிகட்டாமல் குடித்து, அடியில் தங்கும் பழத்தையும் சாப்பிடுங்கள். தர்பூசணி கிடைக்காத நாளில் 200 கிராம் அன்னாசி போடலாம். பானகத்துக்குப் போடும் வெல்லமும், கூலா மேலாகாவும், தேனும் உடம்புக்குள் போனால் சீனிதான். "இயற்கையானது" என்று அள்ளிப் போட வேண்டாம். அசாம் பொய்யில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னும் சில கவனங்கள். மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்த பானத்தைக் குடிக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் போனால், தோல் வெந்து கருத்துப்போகக்கூடும். குடித்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இதயம் பலவீனமாகி நீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்களும், அந்த அளவுக்குள் இந்தப் பானத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சு போன்றது. அதைச் சேர்க்கவே கூடாது. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்களைக் கலப்பதற்கு முன் மருந்தாளரிடம் கேட்க வேண்டும். மாத்திரையை எப்போதும் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். இனிப்புநீர் மாத்திரை எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினால், சீனி இல்லாத இந்தப் பானம் உதவாது. அப்போது சுயநினைவோடு இருந்தால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

வெயிலில் இருந்தவர் உளறினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, மயங்கினாலோ, அது பானம் கொடுக்கும் நேரமல்ல. உடனே 999 எண்ணை அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்த காலத்தில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் யாரும் வெளியே போனதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம், தண்ணீர் குடிப்பதிலிருந்து ஓய்வு இல்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது அவர்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.